முதல் கட்டத்தில் ஒரு பொய்

ஓர் ஐந்து நிமிஷத்துக்கு நீங்கள் பாஸ்டன்வாசி. வருஷம் 2001. ஜனவரி மாதம். வெளியே பனி கொட்டிக் கிடக்கிறது. வீட்டில், செப்டம்பருக்குள் நாலு வயசு நிறையப்போகிற ஒரு வாண்டு. சாப்பாட்டு மேஜைமேல் அந்த நகரத்து அரசுப் பள்ளிகளின் சேர்க்கை ஃபாரம்.

ஃபீஸ் கிடையாது. டொனேஷன் கிடையாது. குழந்தையை உட்காரவைத்து ‘இது என்ன கலர்?’ என்று கேட்கும் இன்டர்வியூ கிடையாது. ஃபாரத்தில் சில கட்டங்கள் இருக்கின்றன. பிடித்த பள்ளிகளை வரிசைப்படி எழுதவேண்டும். முதல் சாய்ஸ், இரண்டாவது, மூன்றாவது. குறைந்தது மூன்று. மிச்சத்தைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். ஒரு பள்ளிக்கு இருக்கிற இடத்தைவிட அதிகம் பேர் கேட்டால் குலுக்கல். அவ்வளவுதான்.

சென்னையில் எல்.கே.ஜி. ஃபாரத்துக்காக விடியற்காலை நாலு மணிக்கு க்யூவுக்குப் போய், எனக்கு முன்னால் பதினோரு மனிதர்களும் ஒரு செங்கல்லும் இரண்டு தண்ணீர் பாட்டிலும் இடம்பிடித்து நிற்பதைப் பார்த்தவன் நான். எனக்கு இது சொர்க்கமாகத்தான் தெரிகிறது.

ஆனால் அந்தச் சொர்க்கத்தில் அப்பா அம்மாக்கள் கூட்டம் போட்டு, பழைய லிஸ்ட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தக் கட்டத்தில் எந்தப் பள்ளியை எழுதினால் தப்பிக்கலாம் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். பிடித்த பள்ளியை எழுதுவதற்கு ஏன் இத்தனை ஆலோசனை? அங்கேதான் விஷயம்.

அதற்கு முன்னால் ஒரு கேள்வி. வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் குழந்தையைச் சேர்த்துவிட்டுப் போகாமல், இந்த ஃபாரமும் குலுக்கலும் பாஸ்டனுக்கு எதற்கு வந்தது?

ரத்தம் சிந்தித்தான் வந்தது.

கறுப்பினக் குழந்தைக்கு ஒரு பள்ளி, வெள்ளைக் குழந்தைக்கு ஒரு பள்ளி என்று பிரித்து வைப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட் சொன்னது 1954-ல். அதெல்லாம் தெற்கு மாநிலங்களின் வியாதி, நமக்கில்லை என்று பாஸ்டன் இருந்துவிட்டது. படித்தவர்கள் ஊர் அல்லவா? ஆனால் பேட்டைகள் பிரிந்து கிடந்தன. ஆகவே பள்ளிகளும். ராக்ஸ்பரியில் கறுப்பினக் குழந்தைகள், சவுத் பாஸ்டனில் ஐரிஷ் வம்சாவளி வெள்ளைக் குழந்தைகள். இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யச் சொல்லி 1965-ல் மாசசூசெட்ஸ் மாநிலமே ஒரு சட்டம் போட்டது. பாஸ்டன் பள்ளிக் கமிட்டி அதை இழுத்தடித்தது. லூயிஸ் டே ஹிக்ஸ் என்கிற பெண்மணி இந்த எதிர்ப்பை வைத்தே அரசியலில் பெரிய ஆளாகிப்போனார்.

கறுப்பினப் பெற்றோர்கள் வழக்குப் போட்டார்கள். 1974 ஜூன் 21 அன்று நீதிபதி ஆர்தர் கேரிட்டி தீர்ப்பு சொன்னார். பள்ளிக் கமிட்டி தெரிந்தே, வேண்டுமென்றே குழந்தைகளைப் பிரித்துவைத்திருக்கிறது. பஸ் வையுங்கள். இந்தப் பேட்டைப் பிள்ளைகளை அந்தப் பேட்டைக்கும், அந்தப் பேட்டைப் பிள்ளைகளை இந்தப் பேட்டைக்கும் அனுப்புங்கள்.

செப்டம்பர் 12. பள்ளி திறந்த முதல் நாள். சவுத் பாஸ்டன் ஹைஸ்கூலில் இருந்து கறுப்பின மாணவர்களை வீட்டுக்குத் திருப்பி அழைத்துவந்த மஞ்சள் பஸ்கள் மேல் கல் விழுந்தது. கண்ணாடிகள் நொறுங்கின. பிள்ளைகளுக்குக் காயம். எறிந்தவர்களில் பெரியவர்களும் உண்டு. அப்புறம் போலீஸ் காவலோடுதான் பள்ளிக்கூடம். 1976 ஏப்ரலில், நகராட்சிக் கட்டடத்துக்கு ஒரு மீட்டிங்குக்காகப் போய்க்கொண்டிருந்த டெட் லேண்ட்ஸ்மார்க் என்கிற கறுப்பின வழக்கறிஞரை ஒரு கும்பல் சூழ்ந்துகொண்டது. ஒரு விடலைப் பையன் தேசியக் கொடிக் கம்பத்தையே ஈட்டி மாதிரி அவரை நோக்கி ஓங்குகிறான். ஸ்டான்லி ஃபோர்மன் எடுத்த அந்தப் படத்துக்கு அடுத்த வருஷம் புலிட்சர் பரிசு கிடைத்தது. பாஸ்டனுக்கு அவமானம் கிடைத்தது. லேண்ட்ஸ்மார்க்குக்கு மூக்கு உடைந்தது.

வசதி இருந்த வெள்ளைக் குடும்பங்கள் பல, மூட்டை கட்டிக்கொண்டு புறநகருக்குப் போய்விட்டன.

கோர்ட் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடியைத் தளர்த்திய பிறகு, எண்பதுகளின் கடைசியில் நகரம் ஒரு சமரசத்துக்கு வந்தது. இனிமேல் யாரையும் கட்டாயப்படுத்தி அனுப்ப வேண்டாம். நகரத்தை மூன்று மண்டலமாகப் பிரிப்போம். பெற்றோர்களே தங்கள் மண்டலத்தில் பள்ளியைத் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தட்டும். இனக் கலப்புக்கு மட்டும் ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். சார்லஸ் வில்லி, மைக்கேல் ஆல்வ்ஸ் என்கிற இருவர் வகுத்துக் கொடுத்த திட்டம். 1999-ல் இனக் கணக்கையும் எடுத்துவிட முடிவு செய்தார்கள். மிஞ்சியது, நம் ஃபாரமும் கட்டங்களும் கம்ப்யூட்டரும்.

அதாவது, கல்லெறியாமல் பள்ளியில் இடம் பிரித்துக்கொள்வதற்கு அந்த ஊர் கண்டுபிடித்த வழி இது. சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள்.

சரி, கம்ப்யூட்டர் எப்படி இடம் பிரித்தது? பார்த்துவிடலாம். ஏற்கெனவே அண்ணனோ அக்காவோ படிக்கிற பள்ளி என்றால் குழந்தைக்கு முன்னுரிமை. வீடு ஒரு மைலுக்குள் இருந்தால், பாதி இடங்களுக்கு முன்னுரிமை. சமமானவர்களுக்கு நடுவே குலுக்கல் எண். இதுவரை யாரும் குறை சொல்ல முடியாது.

குறை அடுத்த வரியில் இருந்தது. முதலில், முதல் கட்டத்தில் தன் பெயரை எழுதியவர்களை மட்டும் ஒவ்வொரு பள்ளியும் பார்க்கும். இடங்களைக் கொடுக்கும். கொடுத்தால் கொடுத்ததுதான். மிச்சம் இருந்தால் மட்டுமே, இரண்டாவது கட்டத்தில் எழுதியவர்களைத் திரும்பிப் பார்க்கும். அப்புறம் மூன்றாவது.

நம் கதைக்காக மூன்று பள்ளிகளைக் கற்பனை செய்துகொள்வோம். மலைப் பள்ளி, ஆற்றங்கரைப் பள்ளி, ரயிலடிப் பள்ளி. ஒவ்வொன்றிலும் இருபது இடம். மலைப் பள்ளி என்றால் ஊருக்கே ஆசை. அறுபது பேர் அதை முதல் கட்டத்தில் எழுதுகிறார்கள். நீங்களும். இரண்டாவது கட்டத்தில் ஆற்றங்கரை. அது உங்கள் தெருமுனையிலேயே இருக்கிறது. மலையில் உங்களுக்குக் கிடைக்கவில்லை. போகட்டும், ஆற்றங்கரை இருக்கிறதே என்று திரும்பினால், அதை முதல் கட்டத்தில் எழுதிய இருபது பேர் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களில் பலருக்கு உங்களைவிட மோசமான குலுக்கல் எண். சிலருக்கு வீடு மூன்று மைல் தள்ளி. அதெல்லாம் செல்லாது. அவர்கள் முதலில் எழுதினார்கள், நீங்கள் இரண்டாவதாக எழுதினீர்கள். மூன்றாவது, ரயிலடி. அங்கும் அதே கதி.

பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம்பிடிப்போமே, அதேதான். துண்டு விழுந்தால் சீட் அவருடையது. பின்னால் கைக்குழந்தையோடு ஏறினாலும் நிற்கவேண்டியதுதான்.

நாலு வயசுக் குழந்தைக்கு இது இன்னும் கொடுமை. பாஸ்டனில் அந்த வகுப்புக்கு கே-1 என்று பெயர். நம் கணக்குக்கு எல்.கே.ஜி. ஐந்து வயதில் சேரும் கே-2 வகுப்பில் எல்லாக் குழந்தைக்கும் எங்காவது ஓர் இடம் கட்டாயம் உண்டு. கே-1க்கு அந்த உத்தரவாதம் இல்லை. இடம் குறைவு. கட்டத்தைத் தப்பாக நிரப்பினால், ஒரு வருஷம் வீட்டில். அல்லது கையைக் கடிக்கிற ஃபீஸோடு தனியார் பள்ளியில்.

ஆகவே விவரம் தெரிந்தவர்கள் என்ன செய்தார்கள்? பொய் எழுதினார்கள்.

மலைப் பள்ளிதான் ஆசை. ஆனால் முதல் கட்டத்தில் ஆற்றங்கரை என்று எழுதினார்கள். அல்லது மலையை முதலில் எழுதிவிட்டு, இரண்டாவதாக யாரும் சீண்டாத ஒரு பள்ளியைப் பாதுகாப்புக்குப் போட்டார்கள். பாஸ்டனின் மேற்கு மண்டலப் பெற்றோர் குழு என்று ஒன்று இருந்தது. ஏறக்குறைய 180 பேர். இந்த உத்திகளை அவர்கள் கூட்டத்தில் உட்கார்ந்து பேசி, குறிப்பும் எழுதி வைத்திருக்கிறார்கள். சட்டவிரோதமெல்லாம் கிடையாது. நிர்வாகம் 2004-ல் வெளியிட்ட கையேடே, முதல் சாய்ஸ் கிடைக்கும் வாய்ப்பு கூடவேண்டுமானால் அவ்வளவாகக் கூட்டமில்லாத பள்ளியை யோசியுங்கள் என்றுதான் சொன்னது.

விவரம் தெரியாதவர்கள்? இரண்டு வேலை பார்க்கிற அம்மா, ஆங்கிலம் சரியாக வராத அப்பா, ஊருக்குப் புதிதாக வந்த குடும்பம். ஃபாரத்தில் ‘உங்களுக்குப் பிடித்த பள்ளிகள்’ என்று போட்டிருந்தது. பிடித்ததையே எழுதினார்கள். 2000-01 சேர்க்கையில் பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் பார்த்த 15,135 மாணவர்களில் 2,910 பேர், முதல் இரண்டு கட்டங்களிலும் போட்டி மிகுந்த பள்ளிகளையே எழுதியிருந்தார்கள். இது மழலையர் வகுப்பில் இருந்து ஒன்பதாம் வகுப்பு வரை பல நுழைவு வகுப்புகளையும் சேர்த்த கணக்கு. அவர்களில் 782 பேருக்கு எழுதிய எந்தப் பள்ளியும் கிடைக்கவில்லை. நூற்றுக்கு இருபத்தேழு பேர்.

நிர்வாகத்துக்கு இது ஏன் தெரியவில்லை? ஏனென்றால் அவர்கள் ரிப்போர்ட் பிரமாதமாக இருந்தது! பெரும்பாலானவர்களுக்கு முதல் சாய்ஸே கிடைத்துவிட்டதாகக் கணக்கு சொன்னது. நான் பி.காம். எங்கள் பாடத்தில் இதற்கு ‘விண்டோ டிரெஸ்ஸிங்’ என்று பெயர். பேலன்ஸ் ஷீட் டேலி ஆகும், கம்பெனி திவாலாகிக்கொண்டிருக்கும். ஆசைப்பட்டதை எழுதாமல் கிடைப்பதை எழுதினால், எழுதியது கிடைக்காமல் என்ன செய்யும்?

2003-ல் அத்தீலா அப்துல்காதிரோலு, தைஃபுன் சொன்மெஸ் என்கிற இரண்டு துருக்கிப் பொருளாதார நிபுணர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். பாஸ்டன் முறை நேர்மையாக எழுதுகிறவரைத் தண்டிக்கிறது என்று போட்டு உடைத்தார்கள். அந்த செப்டம்பரில் பாஸ்டன் குளோப் பத்திரிகை அதை எடுத்து எழுத, ஊருக்கே செய்தி தெரிந்தது. நிர்வாகத்துக்குச் சந்தோஷமாக இருந்திருக்காது. ஆனால் ஒன்று, கதவைச் சாத்தவில்லை. ‘வாருங்கள், வந்து விளக்குங்கள்’ என்றார்கள். அக்டோபரில் ஒரு மீட்டிங். அந்த இருவரோடு ஹார்வர்டில் இருந்து ஆல்வின் ராத் வந்தார். கூடவே ஓர் இளம் ஆராய்ச்சி மாணவர், பராக் பதக். அந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் திரும்ப வருவார்.

இவர்கள் சொன்ன மாற்று வழி புதிதல்ல. 1962-ல் டேவிட் கேல், லாயிட் ஷேப்லி என்கிற இரண்டு கணித மேதைகள் எழுதிய ஏழே பக்கக் கட்டுரையில் இருந்தது. காலேஜ் அட்மிஷனையும் கல்யாணத்தையும் பற்றிய கட்டுரை. நிரூபணத்தில் ஃபார்முலாவே இல்லை, எல்லாம் வாக்கியங்கள்தான். என் மாதிரி ஆட்களுக்கு மகா நிம்மதி. அமெரிக்காவில் புதிதாக எம்.பி.பி.எஸ். மாதிரிப் படித்து முடித்த டாக்டர்களுக்கு ஆஸ்பத்திரி ஒதுக்கும் அமைப்பு, சற்றேறக்குறைய இதே வழியை 1952-ல் இருந்தே பின்பற்றி வந்திருக்கிறது என்று ராத் 1984-ல் காட்டியிருந்தார்.

வழி இதுதான். முதல் சுற்றில் எந்தப் பள்ளியும் யாருக்கும் இடத்தை உறுதி செய்யாது. தாற்காலிகமாக வைத்துக்கொள்ளும். மலைப் பள்ளியில் கிடைக்காத நீங்கள் ஆற்றங்கரைக்கு வருகிறீர்கள். ஆற்றங்கரை இப்போது, ஏற்கெனவே உள்ளே இருக்கும் இருபது பேரையும் உங்களையும் ஒரே வரிசையில் நிறுத்தும். யார் எத்தனாவது கட்டத்தில் எழுதினார் என்று கேட்காது. அண்ணன் படிக்கிறானா, வீடு பக்கமா, குலுக்கல் எண் என்ன, அவ்வளவுதான். உங்களுக்கு முன்னுரிமை அதிகம் என்றால், உள்ளே இருப்பவர்களில் கடைசி ஆள் எழுந்து தன் அடுத்த சாய்ஸுக்குப் போகவேண்டும். இப்படியே ஓடி, இனி யாரும் நகர வேண்டியதில்லை என்கிற இடத்தில் நிற்கும். அப்போதுதான் ரிசல்ட். எல்லோரும் பஸ்ஸில் ஏறி முடிக்கிறவரை எந்தத் துண்டும் செல்லாது.

இதனால் என்ன லாபம் என்றால், மலைப் பள்ளியை முதலில் எழுதியதற்காக ஆற்றங்கரையில் நீங்கள் எதையும் இழப்பதில்லை. ஆசைப்பட்டதை ஆசைப்பட்ட வரிசையில் எழுதலாம். பொய் சொல்லி ஜெயிக்க வழியே இல்லை.

நம் ஊரில் 2018-ல் இன்ஜினீயரிங் கவுன்சலிங் ஆன்லைனுக்குப் போனபோது, என்னிடம் மூன்று பேர் கேட்டார்கள், ‘சார், கிடைக்காத காலேஜை முதல்ல போட்டா அந்த சாய்ஸ் வேஸ்ட்தானே?’ அங்கே இடம் போவது ரேங்க் வரிசைப்படி. உங்கள் முறை வரும்போது, நீங்கள் எழுதியதில் மேலே இருந்து எது காலியோ அது உங்களுக்கு. எதுவும் வேஸ்ட் ஆகாது. ஆனால் பயம் எப்படி வருகிறது பாருங்கள்.

பாஸ்டனில் உடனே கைதட்டி ஏற்றுக்கொண்டுவிடவில்லை. 2005-ல் பொதுக் கூட்டங்கள் நடந்தன. மேற்கு மண்டலப் பெற்றோர் குழுவைச் சேர்ந்த ஒருவர் எழுந்து, இப்போதைய முறையில் குறை இருப்பது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார். சரியாக உத்தி வகுக்காதவர்கள் தண்டிக்கப்படுகிறார்கள் என்பதையும் ஒப்புக்கொண்டார். ஆனால் அவர் சொன்ன தீர்வு வேறு. முறையை மாற்றாதீர்கள். ஃபாரம் கொடுக்கிற இடத்தில் ஒரு மேஜை போட்டு ஓர் ஆளை உட்காரவையுங்கள். இந்த வரிசை ஆபத்து, இப்படி மாற்றி எழுதுங்கள் என்று அவர் எல்லோருக்கும் சொல்லித் தரட்டும்.

நான் இந்த வாதத்தைச் சுலபமாகத் தள்ளிவிடமாட்டேன். கூட்டத்துக்கு வந்து, பழைய புள்ளிவிவரம் தேடி, கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டவர்கள் அவர்கள். வில்லன்கள் இல்லை. நீங்களும் நானும் அங்கிருந்தால் நிச்சயம் அந்தக் குழுவில்தான் இருந்திருப்போம். வாரப் பத்திரிகை வாங்கிப் படிக்கிற வர்க்கம் அது. ஆனால் எல்லோருக்கும் அதே உத்தியைச் சொல்லிக்கொடுத்தால் என்ன ஆகும்? எல்லோரும் ஆற்றங்கரைக்கு ஓடுவார்கள். அடுத்த வருஷம் ஆற்றங்கரை புது மலைப் பள்ளி. மற்றவர்களுக்குத் தெரியாதவரைதான் உத்திக்கு மரியாதை.

சூப்பரின்டெண்டென்ட் தாமஸ் பேஸன்ட் புதிய முறையின் பக்கம் நின்றார். உத்தி வகுக்கத் தெரியாத பெற்றோருக்கு நேரும் கெடுதலை இது குறைக்கும் என்பது அவர் கட்சி. 2005 ஜூலையில் பள்ளிக் கமிட்டி ஓட்டுப் போட்டுப் பழைய முறையைக் கைவிட்டது. 2006 சேர்க்கை புதிய முறையில் நடந்தது. முதல் கட்டத்தில் எழுதியவருக்கே முதலிடம் என்கிற இதே பழக்கம் இங்கிலாந்திலும் பல ஊர்களில் இருந்தது. 2007-ல் நாடு முழுக்கத் தடை செய்தார்கள். 2012-ல் ராத்துக்கும் ஷேப்லிக்கும் நோபல் பரிசு. கேல் 2008-லேயே காலமாகிவிட்டார்.

கதை முடிந்தது என்று பாஸ்டன்காரர்களும் நினைத்தார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பாதி இடம் என்றேனே, அதைப் பற்றி வருஷக்கணக்கில் சண்டை. கொடுப்பது அதிகம் என்று ஒரு கட்சி, போதாது என்று இன்னொரு கட்சி. கடைசியில் கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்தப் பாதி இடச் சலுகையால் ஏறக்குறைய எந்தப் பலனுமே இல்லை! காரணம், கம்ப்யூட்டர் பக்கத்து வீட்டுக்காரர்களின் ஒதுக்கீட்டை முதலில் நிரப்பியது. அவர்களில் நல்ல குலுக்கல் எண் வைத்திருந்தவர்கள் அதிலேயே போய்விட்டார்கள். மோசமான எண்காரர்கள் மட்டும் பொது இடங்களுக்குப் போட்டியிட்டுத் தோற்றார்கள். பொதுவை முதலில் நிரப்பியிருந்தால் கதையே வேறு. எந்தப் பாத்திரத்தில் முதலில் ஊற்றுவது என்கிற ஒரு வரி, யார் கண்ணிலும் படாமல் கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்து, இத்தனை வருஷச் சண்டையை வெறும் சத்தமாக்கியிருக்கிறது. 2013-ல் அந்தச் சலுகையையே எடுத்துவிட்டார்கள். மூன்று மண்டலங்களும் போய், வீட்டை மையமாக வைத்துப் பள்ளிகளின் பட்டியல் தரும் ஏற்பாடு 2014-ல் வந்தது.

சரி. நாலு வயசுக் குழந்தை ஒரு வருஷம் வீட்டில் இருந்தால்தான் என்ன குடிமுழுகிவிடும்? நம் பாட்டிமார்கள் கேட்கிற கேள்வி. நியாயமான கேள்வியும்கூட.

2021-ல் அதற்கு ஒரு பதில் வந்தது. எழுதியவர்களில் ஒருவர், நான் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன பராக் பதக். 1997-ல் இருந்து 2003 வரை கே-1 குலுக்கலில் இருந்த 4,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்களை அவரும் இரண்டு சக ஆராய்ச்சியாளர்களும் தேடி எடுத்தார்கள். குலுக்கல் என்பதால் ஒரு சௌகரியம். ஒரே மாதிரி எழுதிய இரண்டு வீடுகளில் ஒரு குழந்தைக்குக் கிடைத்து, இன்னொன்றுக்குக் கிடைக்காமல் போனதற்குக் காரணம் அதிர்ஷ்டம் மட்டும்தான். பணமோ படிப்போ இல்லை. ஆகவே, இருபது வருஷம் கழித்து இரண்டு பேரும் எங்கே நிற்கிறார்கள் என்று ஒப்பிடலாம்.

பள்ளிப் பரீட்சை மார்க்கில் குறிப்பிடும்படி எந்த வித்தியாசமும் தெரியவில்லை. பாட்டி ஜெயித்துவிட்டாள் என்று நினைக்கவேண்டாம். கே-1 போனவர்கள் பள்ளியில் சஸ்பெண்ட் ஆவது குறைவு. சிறார் சிறைக்குப் போவது குறைவு. ஹைஸ்கூல் முடிப்பவர்கள் நூற்றுக்கு 64-ல் இருந்து 70 ஆகிறார்கள். பள்ளி முடித்த கையோடு கல்லூரியில் சேர்பவர்கள் 46-ல் இருந்து 54.

அந்தப் பிள்ளைகள் எல்லோரும் இப்போது இருபதுகளைத் தாண்டியவர்கள், தாண்டப் போகிறவர்கள். அத்தனை பேரும் பழைய முறையில் விண்ணப்பித்தவர்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் கம்ப்யூட்டரில் ஒரு வரி. பெற்றோர் எழுதிய பள்ளிகள், அதே வரிசையில். குலுக்கல் எண். கிடைத்த இடம். எந்த வீட்டில் முதல் கட்டத்தில் ஆசையை எழுதினார்கள், எந்த வீட்டில் கணக்குப் போட்டு எழுதினார்கள் என்பது மட்டும் அந்த வரியில் இல்லை.